தாளின் அடியில் ஒரு தேதி

பக்கம் 1 / 22. முதல் தாள் வந்து விழுந்தாச்சு, கீழே வலது மூலையில அப்படித்தான் போட்டிருக்கு. மிச்சம் இருபத்தோரு தாளும் இன்னும் தட்டுல வெள்ளையாத்தான் கிடக்கு, ஒரு எழுத்து அச்சாகலை, ஆனா முதல் தாளுக்கே தெரிஞ்சிருக்கு நாம மொத்தம் இருபத்தி ரெண்டு பேருன்னு. எப்படிம்மா தெரியும் இதுக்குன்னு எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் அடிக்கிற பானும்மாகிட்ட கேட்டேன். எண்ணிப் பாத்துட்டுத்தான் சார் வெளிய அனுப்பும்னு சொல்லிட்டு, அது என்னமோ குழாயைத் திறந்தா தண்ணி வர்ற மாதிரி சாதாரண விஷயம்போல, டிபன் டப்பாவைக் கழுவப் போயிட்டாங்க. நான் பிரிண்டர் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்திருக்கேன். வர்ற தாளை அடுக்க வேண்டியது என் வேலை. மணி ரெண்டே முக்கால். நாலு மணிக்கு ஜீப் கலெக்டர் ஆபீஸுக்குக் கிளம்பணும், அதுல இந்தப் பட்டியல் போகணும், ஆத்தங்கரையில குடிசை போட்டிருந்த ஐநூத்தி நாப்பத்தெட்டுக் குடும்பத்துக்கு மாடி வீடு ஒதுக்குற பட்டியல். கட்டி முடிச்ச வீடு ஐநூத்தி இருபதுதான். அப்ப கடைசி இருபத்தெட்டுப் பேருக்கு இல்லைன்னு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கும் தெரியும். அந்த இருபத்தெட்டுல இருபத்தி மூணு குடும்பம் ஓடைத் தெரு. ரெண்டாவது தாள் வருது. சத்தத்தைப் பாரு, கிழட்டு மெஷின், அஞ்சு தாளுக்கு ஒருதரம் நின்னு மூச்சு வாங்கும், என்னை மாதிரியே.

பக்கம் 2 / 22. முப்பத்தி ரெண்டு வருஷமா தாலுகா ஆபீஸ்ல தாள் எண்ணிக்கிட்டு இருக்கேன், உதவியாளர் மருதமுத்துன்னா சிவப்பு மைன்னு சொல்லுவாங்க. எவ்வளவு பெரிய கோப்பா இருந்தாலும் அடுக்கி, தட்டி, ஓரம் சேத்து, மேல வலது மூலையில ஒண்ணு ரெண்டுன்னு சிவப்பு மையில நம்பர் போட்டு, கடைசித் தாள்ல வட்டம் போட்டு முடிப்பேன். அதுல எனக்கு ஒரு கர்வம் உண்டு. என் எட்டு அச்சடிச்ச மாதிரி இருக்கும்னு பழைய தாசில்தார் ஒருத்தர் சொல்லியிருக்கார். பானும்மா வந்து, இனிமே நீங்க நம்பர் போட வேணாம் சார், அதுவே போட்டுக்கும்னு சொன்னப்ப எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. அதுவேன்னா எது? மெஷினுக்குக் கையா இருக்கு? திரையைத் திருப்பிக் காமிச்சாங்க. எக்ஸெல் ஷீட்டுக்கு அடியில ஒரு நீளக் கட்டம், அதுல பக்கம்னு எழுதி பக்கத்துல &P / &N அவ்வளவுதான். இது என்னம்மா, எட்டு எழுதப் போயி பாதியில தூக்கம் வந்துட்ட மாதிரி ஒரு எழுத்து, அதுக்கு வால்ல ஒரு பி? பானும்மா சிரிச்சாங்க. அந்த அண்ட் குறியைப் போட்டா, அடுத்து வர்றது எழுத்து இல்ல, உத்தரவுன்னு அதுக்குப் புரியும் சார். பி-ன்னா, இது எத்தனாவது தாளோ அந்த நம்பரைப் போடு. என்-னா, மொத்தம் எத்தனையோ அதைப் போடு. எல்லாத் தாளுக்கும் சேத்து நான் ஒரே ஒருதரம் எழுதுனேன், அது ஒவ்வொரு தாளுக்கும் போயி அந்தந்தத் தாளுக்கு என்ன உண்டோ அதைச் சொல்லிட்டு வரும். அட. அடடான்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கணும். நான் என்ன சொன்னேன்? கரண்ட் போனா என்ன செய்யும் உங்க உத்தரவுன்னு கேட்டேன். குசும்பு. ஐம்பத்தெட்டு வயசுலயும் அடங்கலை. ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாசம் இருக்கு. பதினாலு மாசம் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தாப் போதும், மாலை, சால்வை, குரூப் போட்டோ.

பக்கம் 3 / 22. தலைப்பு எவ்வளவு நேரா நிக்குது பாரு. நடுவுல ‘மறுகுடியமர்வு & வீடு ஒதுக்கீடு’, அதுக்குக் கீழே 2023ஆம் ஆண்டு முன்னுரிமைப் பட்டியல். இந்த ரெண்டு வரிக்கு செவ்வாக்கிழமை முழுக்கப் போச்சு. முதல்ல எடுத்தப்ப ‘மறுகுடியமர்வு வீடு ஒதுக்கீடு’ன்னு வந்துச்சு, நடுவுல இருந்த குறியைக் காணோம். அது உத்தரவுக் குறி ஆச்சே, தனியா ஒண்ணு போட்டா என்னமோ சொல்ல வர்றாங்கன்னு நெனச்சு முழுங்கிடும், ரெண்டு போட்டாத்தான் ஒண்ணைத் துப்பும்னு பானும்மா கண்டுபிடிச்சாங்க. யாரும் சொல்லிக் குடுக்கலை, தானா உக்காந்து, ஒண்ணொண்ணாப் போட்டுப் பாத்து. அப்புறம் எழுத்தைப் பெருசாக்க &14னு போட்டு, ஒட்டி 2023னு அடிச்சா, வருஷத்தையே காணோம். அந்தப் பதினாலோட இந்த ரெண்டாயிரத்தையும் சேத்து ஒரே நம்பராப் படிச்சுடுச்சு அது, எழுத்து அளவுன்னு நெனச்சு. ரெண்டு மணி நேரம் அந்தம்மா கன்னத்துல கை வச்சுக்கிட்டு அந்தக் கட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் இந்தப் பக்கம் டீயை உறிஞ்சிக்கிட்டு, தலைப்பை நான் வேணா கையால எழுதிடவான்னு கேட்டேன். காதுல விழலை. திடீர்னு நடுவுல ஒரு இடைவெளி விட்டாங்க, ஒரே ஒரு தட்டு. வருஷம் வந்து உக்காந்துடுச்சு. ஒரு இடைவெளிதான் சார்னு என்னைத் திரும்பிப் பாத்துச் சொன்னப்ப அந்த முகம், பிள்ளை பாஸாயிடுச்சுன்னு கேட்ட மாதிரி. பன்னெண்டு வருஷமா ஒப்பந்தக் கூலி, வருஷா வருஷம் மார்ச்சுல நீட்டிப்பு வருமா வராதான்னு பயம், புருஷன் இல்ல, ரெண்டு பிள்ளைங்க, இந்தத் தலைப்பு நேரா நின்னா என்ன, சாஞ்சா என்ன, யாரு கேக்கப்போறா? இருந்தாலும் நேரா நிக்கணும் அந்தம்மாவுக்கு. இந்த மாதிரி ஒரு ஆளை என் சர்வீஸ்ல நான் பாத்ததில்லை, இதை நேர்ல சொல்ல எனக்கு வாய் வராது, கல்லுல நார் உரிக்கிறதுதான் என்கிட்ட பாராட்டு வாங்குறது.

பக்கம் 4, பக்கம் 5. நின்னுடுச்சு. மூச்சு வாங்குது. வாங்கட்டும். ஃபேன் காத்துல தாள் நுனி படபடங்குது, பேப்பர் வெயிட்டை எடுத்து வச்சேன். சூடா இருக்கு தாள், இட்லித் தட்டுல இருந்து எடுத்த துணி மாதிரி. ரெண்டாயிரத்திப் பதினேழுலயும் சூடாத்தான் இருந்துச்சு. ஜூன் மாசம். அப்ப பானும்மா வேற பிரிவுல, வேற ஒரு ஆள் அடிச்சான், இதே ஆத்தங்கரைக்காரங்களோட முதல் பட்டியலை. தெருவாரியா. ஒவ்வொரு தெருவுக்கும் புதுத் தாள், ஒவ்வொரு தெருவுக்கும் ஒண்ணுல இருந்து வரிசை எண். கீழே தேதி மட்டும் இருந்துச்சு, பக்க நம்பர் இல்ல. நம்பருக்கு நான் இருக்கேனே. ஆர்.ஐ., அதான் வருவாய் ஆய்வாளர், ஒவ்வொரு தாள்லயும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தார், பாவம் அவர் செத்துப் போயி மூணு வருஷமாச்சு. நான் வாங்கி அடுக்கினேன், தட்டினேன், ஓரம் சேத்தேன், சிவப்பு மையில ஒண்ணு ரெண்டு மூணு. பத்தொம்பதுல வட்டம். இருபது இருந்திருக்கணும். ஒம்பதாவதா இருக்க வேண்டிய தாள் அந்த அடுக்குல இல்ல, ஆனா நான் ஒம்பதுன்னு அடுத்த தெருவுக்குப் போட்டுட்டேன், வரிசை கொஞ்சம்கூட உடையலை. அதுதான் கொடுமை. நான் நம்பர் போடாம இருந்திருந்தாக்கூட யாராவது எண்ணிப் பாத்திருப்பாங்க. என் நம்பர் அவ்வளவு அழகா இருந்துச்சு, எவனும் சந்தேகப்படலை. இருக்கிறதை மட்டும் எண்ணுறவன் நான். எத்தனை இருக்கணும்னு நான் கேக்கவே இல்ல, முப்பத்தி ரெண்டு வருஷத்துல ஒருநாளும் கேட்டதில்லை. இந்தக் கிழட்டு மெஷின் கேக்குது. அதுவும் முதல் தாள்லயே.

பக்கம் 6 / 22. எங்க போச்சு அந்தத் தாள்? எங்கயும் போகலை. மூணு வாரம் கழிச்சு மேஜையில விரிச்சிருந்த ரெக்ஸினைத் தூக்கினேன், மை சிந்திடுச்சுன்னு. அடியில இருந்துச்சு. ஓடைத் தெரு, ஒண்ணுல இருந்து இருபத்தி மூணு வரைக்கும், ஆர்.ஐ. பச்சை மையில கையெழுத்து, அடியில 12-06-2017. அப்ப இருந்த தாசில்தார் பேரைச் சொன்னா இன்னிக்கும் எனக்கு வேர்க்கும், பேனாவைத் தூக்கி மூஞ்சியில எறியுற ஆளு. பட்டியல் ஒப்புதலாகி வந்தாச்சு. சரி, நாளைக்குச் சொல்லுவோம்னு நெனச்சேன். நாளைக்கு அவருக்குக் காய்ச்சல். அடுத்த நாள் ஜமாபந்தி, வருஷக் கணக்குப் பாக்குற நாள். அப்புறம், துணைப் பட்டியல் ஏதாவது போகும்ல, அதோட சேத்து அனுப்பிடலாம்னு. துணைப் பட்டியல் போகவே இல்ல. தாளை மடிச்சேன், கீழ் டிராயர்ல அடியில நியூஸ் பேப்பர் போட்டிருக்கேன், அதுக்கும் அடியில வச்சேன். அவ்வளவுதான் நடந்துச்சு. ஒரு தப்பும் பண்ணணும்னு பண்ணலை, சும்மா இருந்தேன், ஆறு வருஷம் சும்மா இருந்தேன். வீடு எங்க கட்டப் போறானுங்க, எத்தனை பட்டியல் எத்தனை பீரோவுல தூங்குதுன்னு நெனச்சேன். கட்டிட்டானுங்க. நாலு மாடி, வெள்ளையடிச்சு, தண்ணித் தொட்டி வச்சு. பஸ்ஸுல வர்றப்ப இடது பக்கம் தெரியும். நான் இப்பல்லாம் வலது பக்கம் உக்காந்துக்கிறேன்.

பக்கம் 7. பக்கம் 8. பழைய பட்டியல்ல இருந்தவங்க முதல்ல, அப்புறம் மனுக் குடுத்தவங்க தேதி வரிசையில, அதுதான் விதி. ஓடைத் தெருக்காரங்க பேரு பழைய பட்டியல்ல இல்ல. இந்த வருஷம் தை மாசம்தான் அவங்களுக்கே தெரிஞ்சுது, நோட்டீஸ் போர்டுல பாத்துட்டு மறுபடியும் மனுக் குடுத்தாங்க, அதனால கடைசி. திங்கக்கிழமை திங்கக்கிழமை செல்லாயின்னு ஒருத்தி வரும், ஐம்பது வயசிருக்கும், மீன் கூடை தூக்கித் தூக்கி ஒரு பக்கமா சாஞ்ச கழுத்து. வந்து என் மேஜைக்கு முன்னாடி நிக்கும். உக்காரும்மான்னா உக்காராது. நீங்க அப்பவே மனுக் குடுத்திருக்கணும்மா, லேட்டாக் குடுத்துட்டு இப்ப வந்து நின்னா எப்படின்னு கேப்பேன். நான். நானே கேப்பேன், இந்த வாயால. அப்பவே குடுத்தேன் சாமி, உங்ககிட்டதான் குடுத்தேன், நீங்க ரேஷன் கார்டை வாங்கிப் பாத்துட்டு மனுவுல உம் பேருல துணைக்காலு விட்டுப் போச்சுன்னு திருத்திக் குடுத்தீங்க. மனு வாங்கினதுக்குச் சீட்டு எங்கன்னு கேட்டேன். ஆத்துல தண்ணி வந்தப்ப வீடே போயிருச்சு, சீட்டு எங்க இருக்கும் சாமி. அப்ப நான் என்ன செய்யட்டும்? பதிவேட்டைப் பாருங்க. பதிவேடும் நனைஞ்சு கஞ்சியாப் போச்சும்மான்னு சொன்னேன், அது நெசம், அதை மட்டும் நல்லா சத்தமாச் சொன்னேன். செல்லாயி என்னை ஏசினதே இல்ல. ஏசினா நல்லா இருக்கும். நீங்க ஞாபகம் வச்சிருக்க மாட்டீங்க சாமி, தினம் எத்தனை பேரைப் பாக்குறீங்கன்னு சொல்லிட்டுப் போச்சு போன வாரம். எனக்காக அதுவே ஒரு சமாதானம் சொல்லிட்டுப் போகுது! அன்னிக்கு மதியம் சோறு இறங்கலை. காரக் குழம்பு சரியில்லைன்னு வீட்டுல சண்டை போட்டேன், அவ என்ன பண்ணுவா பாவம்.

பக்கம் 9 / 22. ஒம்பது. எடுத்து ரெண்டுதரம் பாத்தேன். இருக்கு. விரல்ல எச்சி தொட்டு ஒட்டியிருக்கான்னு பாத்தேன், ஒத்தைத் தாள்தான். வை. இந்த அடி வரி வந்ததே போன திங்கக்கிழமை நடந்ததாலதான். பானும்மா பழைய கம்ப்யூட்டரைத் தூசு தட்டி அந்தப் பதினேழாம் வருஷத்து ஃபைலைக் கண்டுபிடிச்சுட்டாங்க. சார், இங்க பாருங்க, ஓடைத் தெரு ஃபைல்ல இருக்கு, பேப்பர்ல இல்ல, எப்படி சார்னு கேட்டாங்க. கண்ணு நேரா என்னைப் பாத்துச்சு, சந்தேகம் இல்லாத கண்ணு, அதுதான் தாங்க முடியலை. யாருக்கும்மா தெரியும்னேன். தாசில்தார் அய்யாகிட்ட காட்டலாம் சார்னு பிரிண்ட் எடுத்து ஓடினாங்க, நானும் பின்னாடியே போனேன். இவர் நல்ல மனுஷன்தான், எறியுற ஆளு இல்ல, ஆனா சட்டம்னா சட்டம். தாளை வாங்கிப் பாத்தார், அடியில விரலை வச்சார். பானும்மா, இது இன்னைய தேதி. பானும்மா முகம் போன போக்கு. அய்யா அது &Dன்னு ஒரு குறி போட்டு வச்சிருக்காங்க, தேதியை யாரும் கையால அடிக்கலை, பிரிண்ட் எடுக்கிற அன்னிக்கு என்ன தேதியோ அதைத்தான் அது போட்டுக்கும், எந்த வருஷத்து ஃபைலை எடுத்தாலும் இன்னைய தேதிதான் வரும்னு சொல்லிப் பாத்தாங்க. எனக்குப் புரியுதும்மா, ஆனா கலெக்டர் ஆபீஸ்ல கேக்குறவனுக்கு? இன்னிக்கு அச்சான தாள், கையெழுத்து இல்ல, கம்ப்யூட்டர்ல இருக்கிறவங்க நெனச்சா எந்தத் தெருவையும் சேக்கலாம், நான் எதை நம்பிக் கையெழுத்துப் போட? அப்புறம் பழைய கோப்பைக் கொண்டாரச் சொல்லி ஒவ்வொரு தாளா அவரே புரட்டினார், ரெண்டுதரம். பத்தொம்பது தாள், சிவப்பு மை. மருதமுத்து சார் நம்பர் போட்டிருக்கார், ஒண்ணும் விட்டுப் போகலையேன்னு சொன்னார். அப்படியே சொன்னார். என் நம்பரைச் சாட்சிக்கு வச்சு அந்தம்மாவைப் பொய்க்காரி ஆக்கிட்டார். நான் பக்கத்துல நின்னேன். கை கட்டி நின்னேன்.

பத்து வந்துடுச்சா? வந்துடுச்சு, 10 / 22. மறுபடியும் மூச்சு வாங்குது. மறுநாள் காலையில பானும்மா வந்து உக்காந்து பேசாம இந்த அடிக் கட்டத்தை எழுதினாங்க. இடது பக்கம் தேதி, வலது பக்கம் பக்க நம்பர். இனிமே எந்தத் தாளும் காணாமப் போகாது சார், போனாலும் போனது தெரியும்னு சொன்னாங்க. அழலை, யாரையும் திட்டலை. தன்னைச் சந்தேகப்பட்ட ஆபீஸுக்கு மறுநாளே உக்காந்து பூட்டு செஞ்சு குடுக்கிற மனசு, அது என்ன மனசுப்பா! எனக்கு இல்ல அது, கடன் கேட்டாலும் கிடைக்காது. அந்தத் தேதியையே யோசிச்சுப் பாரு. ஃபைல்ல இருக்கிற வரைக்கும் அது தினம் ஒண்ணு சொல்லும், நிலையில்லாத நாக்கு. தாள்ல இறங்கிட்டா அதோட சரி, இறங்கின நாளை எவனும் மாத்த முடியாது. பன்னெண்டு, ஆறு, பதினேழு. அப்படிச் சொல்லுற தாள் உலகத்துலேயே ஒண்ணுதான் இருக்கு, பச்சைக் கையெழுத்தோட, என் கீழ் டிராயர்ல, இங்க இருந்து நாலு எட்டு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவனைப் பாத்திருக்கேன், நான் ஒரு தெருவையே நியூஸ் பேப்பர்ல மறைச்சவன்.

11 / 22. பழைய கோப்புக்குள்ள மெதுவா சொருகிட்டு, அய்யா, இதோ கிடைச்சுடுச்சுன்னு சொன்னா என்ன? வேர்க்குது. சட்டைப் பை நனைஞ்சு பேனா பிசுபிசுங்குது. சொருகலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனா அவர் ரெண்டுதரம் புரட்டின கோப்பு அது. திங்கக்கிழமை இல்லாத தாள் வெள்ளிக்கிழமை எப்படி முளைச்சுதுன்னு கேப்பார். யார் கொண்டாந்து வச்சிருப்பான்னு யோசிப்பார், ஓடைத் தெருவுக்காக ஓடினது யாருன்னு யோசிப்பார். பச்சைக் கையெழுத்தைப் போலியாப் போட்டுட்டாங்கன்னு அந்தம்மா தலையில விடியும். மார்ச்சுல நீட்டிப்பு வராது. அப்ப பேரில்லாத மொட்டைக் கடுதாசி மாதிரி தபால்ல? அதுவும் அந்தம்மா தலையிலதான். எப்படிச் சுத்தி வந்தாலும் ஒரு கேள்விக்கு வந்து நிக்குது, இது இத்தனை நாளா யார்கிட்ட இருந்துச்சு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரே ஒரு ஆளுதான் இருக்கான். சொன்னா மெமோ. பதினேழு பி விதியில ஒழுங்கு நடவடிக்கை. விசாரணை முடியுற வரைக்கும் ரிட்டயர்மெண்ட் ஆர்டர் கிடையாது. சால்வை கிடையாது. ஊருல நம்மாளு ஒருத்தன், இப்படித்தான் ஒரு மெமோவுக்கு ஒம்பது வருஷம் அலைஞ்சு, பேரப்பிள்ளை கல்யாணத்துக்குக்கூட கோர்ட்டுல இருந்து வந்தான். எனக்குத் தெம்பில்லை. சத்தியமா இல்லை. 12. 13. இப்ப வேகமா வருது எழவு மெஷின், வேணும்னே வேகமா வருது.

14 / 22. பானும்மா வந்துட்டாங்க, டப்பாவைத் துடைச்சுப் பையில வச்சுட்டு என் பக்கத்துல வந்து நிக்கிறாங்க. ஈரக் கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு, நேரா வருதா சார்? வருதும்மா. நீங்க நல்லா அடுக்கியிருக்கீங்க சார், ஓரம் ஒரு நூல் பிசகலை. என்னைப் பாராட்டுறாங்க! ஏம்மா பானுன்னு கூப்பிட்டேன். என்ன சார்? இந்த அடி வரி இருக்கே, இது… நல்ல வேலைம்மா. ரொம்ப நல்ல வேலை. முப்பத்தி ரெண்டு வருஷத்துல நான் செய்யாத வேலையை நீங்க ஒரு வரியில செஞ்சுட்டீங்க. அந்தம்மா ஒரு நிமிஷம் என்னை விநோதமாப் பாத்தாங்க. உடம்பு சரியில்லையா சார், தண்ணி குடிக்கிறீங்களா? பாருங்கய்யா, நான் ஒருத்தரைப் பாராட்டினா எனக்கு உடம்பு சரியில்லைன்னு நெனைக்கிற அளவுக்கு இருக்கு என் லட்சணம். ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் இதைப் பாத்துக்கிறீங்களான்னு எந்திரிச்சேன். முட்டி கடக்குன்னுச்சு. 15 விழுந்துச்சு. கடைசித் தாள் வர ஏழு இருக்கு, செல்லாயி பேரு கடைசித் தாள்ல, ஐநூத்தி முப்பத்தி ஒண்ணு, ‘கால்’ வச்சு அடிச்சிருக்காங்க, நான்தான் அன்னிக்கு வச்சுக் குடுத்தேன். அது விழுறதுக்கு முன்னாடி. நாலு எட்டுதான். டிராயர் எப்பவும்போல பாதியில சிக்குச்சு, உலுக்கினேன். நியூஸ் பேப்பரைத் தூக்கினேன். மடிப்புல கொஞ்சம் மஞ்சளாகியிருக்கு. மத்தபடி எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

தாசில்தார் அய்யா ரூம்ல ஏ.சி. குளிரு, உள்ள போனதும் வேர்வை ஜில்லுன்னு முதுகுல ஓடுச்சு. போன்ல பேசிக்கிட்டு இருந்தார். நின்னேன். இருபத்தி மூணு குடும்பம் மேல ஏறினா வேற இருபத்தி மூணு கீழ இறங்கும், அதுவும் தெரியும் எனக்கு, போன வருஷம் வந்து மனுக் குடுத்தவங்க, அவங்களும் பாவம்தான், ஆனா அவங்க இடம் கீழதான். மேல இருக்கிறது ஓடைத் தெருவோட இடம். போனை வச்சார். என்ன சார், பட்டியல் முடிஞ்சுதா? இன்னும் ஏழு தாள் இருக்குங்கய்யா. தாளை நீட்டினேன். மடிப்பைப் பிரிச்சார். மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தார், இருபத்தி மூணு பேரையும் படிச்ச மாதிரி இருந்துச்சு. பச்சைக் கையெழுத்துக்கு வந்தார். அடியில தேதிக்கு வந்தார். அங்கயே நின்னுட்டார். கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு மறுபடியும் பாத்தார்.

“இது எங்க இருந்துச்சு?”

“என் டிராயர்லங்கய்யா.”

“எப்பத்துல இருந்து?”

“பதினேழுலருந்தே. தாள் விட்டுப் போனது தெரியாம நான் நம்பர் போட்டுட்டேன். மூணு வாரத்துல கையில கிடைச்சுது, பயந்துட்டுச் சொல்லலை. பானும்மாவுக்கு இதுல ஒண்ணும் தெரியாது, அவங்க சொன்னது அத்தனையும் நெசம்.”

கோவப்படுவார்னு நெனச்சேன், அது வரலை, அதுக்குப் பதிலா அவர் மூஞ்சியில ஒரு வருத்தம் வந்துச்சு, எனக்காகத்தான்னு நெனக்கிறேன். “மருதமுத்து சார், உங்களுக்கு எவ்வளவு நாள் இருக்கு?” பதினாலு மாசம்னு சொன்னேன். “இதை நீங்க எழுத்துல குடுத்தாத்தான் நான் பட்டியலை மாத்த முடியும். எழுத்துல குடுத்தா நான் மேல அனுப்பித்தான் ஆகணும். புரியுதா?”

“புரியுதுங்கய்யா. எழுதித் தர்றேன், இப்பவே. ஆனா மணி மூணேகால் ஆச்சு, ஜீப் நாலு மணிக்கு. நான் எழுதி முடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேணாம், பானும்மாவைப் பட்டியலை மாத்த ஆரம்பிக்கச் சொல்லுங்க.”

என்னையே பாத்தார். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கமாத் தள்ளி, எதிர் நாற்காலியைக் காமிச்சார். எந்திரிச்சு கதவுகிட்ட போயி குரல் குடுத்தார்.

“பானும்மா, பிரிண்டை நிறுத்துங்க. ஓடைத் தெருவை மேல கொண்டு வாங்க.”